ஸ்வீட் தார்ன் முள்மரத்தை அடையாளம் காண்பதும் அதன் பரவலைப் பதிவு செய்வதும்: குவாசூலு-நாட்டாலில் தொடங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் மிகப் பரவலாக வளரும் முள்மரம் ஸ்வீட் தார்ன். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் சூட்டுடோரிங் என்றும் சூலு மொழியில் உமுங்கா என்றும் அழைக்கப்படும் இதன் தாவரவியல் பெயர் வச்செல்லியா கர்ரூ. பழைய நூல்களில் அக்கேசியா கர்ரூ என்று இருந்தால் அது இதே மரந்தான். புதராகவும் நிற்கும், சிறு மரமாகவும் நிற்கும். வெண்ணிற இணை முட்களும், நறுமணமுள்ள மஞ்சள் பந்துப் பூக்களும் உடையது.

குவாசூலு-நாட்டால் மாகாணத்தில் வாழும் தமிழர்களான நம்மவர்கள் இதைக் கண்டதும் சொல்லும் பெயர் பெரும்பாலும் கருவேலம் அல்லது கஸ்தூரி வேல். இரண்டும் தவறு, ஆனால் மூன்றுக்கும் மஞ்சள் பந்துப் பூவும் முள்ளும் இருப்பதால் தவறு நேர்வது இயல்பே. பூவிலிருந்து தொடங்குபவர் ஏறத்தாழ எப்போதும் தடுமாறுகிறார். முள், இலை, பூ, நெற்று என்ற வரிசையில் பார்ப்பவர் முதல் இரண்டு படிகளிலேயே தவறான பெயர்களில் பாதிக்கு மேல் கழித்துவிடுகிறார். எனவே கீழுள்ள படிகளை அவை தரப்பட்டுள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

1. புறப்படும் முன் வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைவில்லை, மில்லிமீட்டர் குறியுள்ள சிறு அளவுகோல், பென்சில், குறிப்பேடு, கேமரா உள்ள கைப்பேசி ஆகியவை போதும். கிளையை வெட்டிக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் செடி வெட்டும் கத்தரியும், பழைய செய்தித்தாளும், இரண்டு தட்டையான அட்டைகளும், கட்டுவதற்குக் கயிறும் வேண்டும்.

பேனாவைத் தவிர்த்துப் பென்சிலையே பயன்படுத்துங்கள். டர்பன் கோடையில் குறிப்பேடு வியர்வையிலோ மழையிலோ நனைவது உறுதி. பென்சில் எழுத்து மட்டுமே அதைத் தாங்கும்.

தடித்த அடியுள்ள காலணி இல்லாமல் செல்லவே கூடாது. உதிர்ந்த கிளைகளில் உள்ள முட்கள் காய்ந்த பின்பும் கூர் மழுங்காமல் கிடக்கும். ரப்பர் செருப்பையும் மெல்லிய விளையாட்டுக் காலணியையும் அவை எளிதில் துளைத்துவிடும். கிளையைப் பிடிக்க நெசவுக் கையுறை பயன்படாது, தோல் கையுறையே வேண்டும். புல்வெளியில் உண்ணிகள் இருப்பதால் நீண்ட கால்சட்டை அணிந்து, அதன் விளிம்பைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் உடலைச் சோதித்துப் பாருங்கள். இங்கு உண்ணிக் காய்ச்சல் அரிதான நோயன்று.

அனுமதியையும் முன்கூட்டியே பெற்றுவிட வேண்டும். தனியார் பண்ணை என்றால் உரிமையாளரிடம் கேட்க வேண்டும்; காப்பகம் என்றால் இலையைக்கூடப் பறிக்க எழுத்துப்பூர்வமான அனுமதி தேவைப்படும். படமெடுப்பதற்கும் கிளை வெட்டுவதற்கும் ஒரே அனுமதி போதும் என்று நினைத்துக்கொள்வது புதியவர்களிடம் அடிக்கடி காணப்படும் பிழை.

2. காலத்தைத் தேர்ந்தெடுத்தல்

பூ வேண்டுமா, நெற்று வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தீபாவளி வரும் காலத்தில் தொடங்கித் தைப்பூசக் காவடி எடுக்கும் காலம் வரை பூக்களைப் பார்க்கலாம். நல்ல மழை பெய்த பின் அதே கோடையில் மீண்டும் ஒரு முறை பூப்பதும் உண்டு. கோடையின் பிற்பகுதியிலிருந்து நெற்றுகள் முற்றி வெடிக்கத் தொடங்கும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமானால் ஜனவரி பிற்பகுதியும் பிப்ரவரியும் ஏற்றவை. கடைசிப் பூக்கள் சிலவும் இளங்காய்களும் ஒரே மரத்தில் கிடைக்க அப்போது வாய்ப்பு அதிகம். சென்ற ஆண்டின் வெடித்த நெற்றுகளும் சில கிளைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

குளிர்காலத்தைத் தொடக்கநிலையினர் தவிர்க்கலாம். உள்நாட்டு வறண்ட பகுதிகளில் அப்போது இலை உதிர்ந்துவிடும். முள்ளை மட்டும் வைத்து ஓரளவுக்கு முடிவு செய்ய முடியும் என்றாலும் அது பழகிய கண்ணுக்கே கைகூடும்.

இந்தியாவில் அச்சான தாவர நூலைக் கையில் வைத்துக்கொண்டு மாதம் பார்ப்பவர்களும் உள்ளனர். அந்நூல்களின் கோடை இங்கே குளிர்காலம் என்பதால் பூக்கும் பருவத்தை அவற்றிலிருந்து எடுக்காதீர்கள்.

3. கிட்டே போகும் முன் தள்ளி நின்று பார்த்தல்

மரத்தின் அருகில் சென்றுவிட்டால் அதன் மொத்த உருவம் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே இருபது அடி தள்ளி நின்று முதல் படத்தை எடுங்கள். உயரம், ஒரே தண்டா பல தண்டுகளா, தலைப்பகுதி உருண்டையா குடைபோல் தட்டையா ஆகிய மூன்றையும் எழுதுங்கள். ஸ்வீட் தார்னின் தலைப்பகுதி பொதுவாக உருண்டையாக இருக்கும். தெளிவான தட்டைக் குடையாக இருந்தால் வேறு முள்மரமாக இருக்கக்கூடும் என்று ஓரத்தில் குறித்துவையுங்கள், ஆனால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பின்னர் பட்டையைப் பாருங்கள். முதிர்ந்த தண்டில் பட்டை கருமையாகவும் சொரசொரப்பாகவும் பிளவுபட்டும் இருக்கும். இளங்கிளைகளில் மேற்பட்டை உரிந்து செம்பழுப்பு நிறம் தெரியும். இந்தச் செம்பழுப்பு நல்ல குறி. எனினும் இளங்கிளைகளில் தேட வேண்டியதை அடித்தண்டில் தேடிவிட்டு இல்லை என்று எழுதுபவர்கள் பலர்.

மண்ணையும் நீரையும் குறிக்கும் நேரமும் இதுதான். ஆற்றங்கரையா, களிமண் சமவெளியா, மணல்மேடா, சாலையோரமா என்று எழுதுங்கள். பரவலைப் பேசும்போது இந்த ஒரு வரி படத்தைவிட அதிகம் பயன்படும்.

4. முள்: இங்கேதான் தொடங்க வேண்டும்

முள் எல்லா மாதங்களிலும் இருக்கிறது, காய்ந்தாலும் உருமாறுவதில்லை, நிறம் மங்கினாலும் அமைப்பு மாறாது. பூ சில வாரங்களே இருக்கும். முள்ளில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

முதலில் முள் எங்கிருந்து முளைக்கிறது என்று பாருங்கள். ஸ்வீட் தார்னில் இலை தோன்றும் ஒவ்வொரு கணுவிலும், இலையடியின் இரு பக்கங்களிலும் ஒவ்வொன்றாக, இணையாக முட்கள் நிற்கும். இவை இலையடிச் செதில்கள் முள்ளாக மாறியவை. நேராகவும் வெண்மையாகவும், நுனி மட்டும் சற்றுக் கருத்தும் இருக்கும்.

நான்கு விதமான முட்களைப் பிரித்தறியப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கணுவில் இணையாக நிற்கும் நேர்முள் வச்செல்லியா பேரினத்துக்கு உரியது. கொக்கிபோல் வளைந்த குட்டை முள் கணுவுக்குச் சற்றுக் கீழே இருந்தால் அது பெரும்பாலும் செனெகாலியா பேரினம்; அந்த மரத்தில் மஞ்சள் பந்துப் பூவைத் தேடிக் காத்திருக்க வேண்டியதில்லை. தண்டு முழுவதும் ஒழுங்கின்றிச் சிதறி, இலைக்காம்பிலும் கொக்கிகள் இருந்தால் அது கொடிபோல் ஏறும் மொரீஷியஸ் முள், அதாவது சீசல்பினியா டெக்காபெட்டலா. முள் என்று எண்ணியதன் மேலேயே இலை முளைத்திருந்தால் அது முள்ளாக மாறிய சிறு கிளை. நம் ஊரில் விடத்தேரை என்று அழைக்கப்படும் டைக்ரோஸ்டாக்கிஸ் சினேரியாவின் அடையாளம் அது. இந்த விடத்தேரை தமிழ்நாட்டிலும் குவாசூலு-நாட்டாலிலும் இயல்பாகவே வளர்கிறது. ஊரில் அதைப் பார்த்துப் பழகிய பெரியவர்கள் இங்கே அதை உடனே கண்டுகொள்வார்கள்.

நீளத்தை அளக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். இளமரங்களிலும், ஆடுமாடுகளும் மான்களும் எட்டிக் கடிக்கும் தாழ்ந்த கிளைகளிலும் முட்கள் மிக நீளமாக, சில வேளைகளில் பத்து சென்டிமீட்டரைத் தாண்டி இருக்கும். வயதான மரத்தின் மேற்கிளைகளில் அவை மிகச் சிறியனவாகவோ, இல்லாமலோ போய்விடும். எனவே முள்ளின் நீளத்தைக் கொண்டு இனத்தைப் பிரிக்காதீர்கள். இடுப்பளவு உயரத்தில் ஐந்து கணுக்களைப் பார்த்து, மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் எழுதினால் போதும்.

வளைவையும் கவனியுங்கள். கருவேலத்தின் தென்னாப்பிரிக்க உறவான நறுமண நெற்று முள்மரத்தில் முட்கள் பின்னோக்கிச் சற்றே சாய்ந்து வளைந்திருப்பது வழக்கம். ஸ்வீட் தார்னில் அவை நேராகப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு முள்ளை மட்டும் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. கிளை முழுவதையும் பாருங்கள்.

5. இலை: எண்ணுவதற்கு முன் படமெடுங்கள்

இலை இருமடிச் சிறகுக் கூட்டிலை. நடுக்காம்பிலிருந்து இணை இணையாகச் சிறகுகள் பிரியும்; ஒவ்வொரு சிறகிலும் இணை இணையாகச் சிற்றிலைகள் அமைந்திருக்கும். ஸ்வீட் தார்னில் பொதுவாக இரண்டு முதல் ஆறு அல்லது ஏழு இணைச் சிறகுகளும், ஒவ்வொரு சிறகிலும் எட்டு முதல் இருபது வரையிலான இணைச் சிற்றிலைகளும் இருக்கும்.

கிளையை வெட்டிய சிறிது நேரத்திலேயே சிற்றிலைகள் மூடிக்கொள்ளத் தொடங்கும், மாலையிலும் மூடிக்கொள்ளும். மூடிய இலையில் எண்ணுவதும் அளப்பதும் தொல்லை. ஆகவே மரத்தில் இருக்கும்போதே, இலைக்குப் பின்னால் வெள்ளைத் தாளையும் அளவுகோலையும் பிடித்துப் படமெடுத்துவிடுங்கள். எண்ணிக்கையை வீட்டிலேயே நிதானமாகச் செய்யலாம்.

எந்த இலையை எடுப்பது என்பதும் முக்கியம். கிளை நுனியில் உள்ள இளந்தளிரையும், கணுவில் கொத்தாகக் குறுகி நிற்கும் இலையையும் விட்டுவிட்டு, இவ்வாண்டு வளர்ந்த கிளையின் நடுப்பகுதியிலிருந்து ஐந்து இலைகளைத் தேர்ந்தெடுங்கள். நுனித்தளிரில் சிறகுகள் முழுமையாக விரிந்திராது. அதில் எண்ணினால் குறைவாக வரும்.

கைவில்லையைக் கொண்டு நடுக்காம்பின் மேற்பக்கத்தைப் பாருங்கள். சிறகுகள் இணையும் இடங்களில் சிறு புடைப்பாகச் சுரப்பிகள் தெரியும். இருக்கிறதா, எத்தனை இடங்களில் இருக்கிறது என்று எழுதுங்கள். இப்போது அது பயனற்றதாகத் தோன்றலாம். பின்னர் ஒரு வல்லுநர் உங்கள் பதிவைச் சரிபார்க்கும்போது முதலில் கேட்பது இதுவாக இருக்கக்கூடும்.

புல்லுருவியை மறக்காதீர்கள். முள்மரங்களில் புல்லுருவி ஒட்டி வளர்வது இங்கு மிகச் சாதாரணம். கிளையின் நடுவே தடித்த, பிளவற்ற, அகன்ற இலைகள் தெரிந்தால் அவை மரத்தினுடையவை அல்ல. அவற்றைப் படமெடுத்து மரத்தின் இலையாகப் பதிவேற்றியவர்களின் எண்ணிக்கை சிறிதன்று.

6. பூ: நிறத்தையும் மணத்தையும் நம்பாமல் காம்பைப் பாருங்கள்

நாம் ஒரு பூ என்று நினைக்கும் மஞ்சள் பந்து பல நுண்பூக்களின் தொகுதி. கண்ணுக்குத் தெரியும் மஞ்சள் இதழ்களின் நிறமன்று, மகரந்தத் தாள்களின் நிறம். ஸ்வீட் தார்னில் பந்து ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் குறுக்களவுள்ளது. கிளையின் நுனிப்பகுதியில், இலைக்கக்கங்களில் சிலபல பந்துகள் கொத்தாக நிற்கும்.

பந்தைப் பக்கவாட்டிலிருந்து, அதன் காம்பு முழுவதும் தெரியும்படி படமெடுங்கள். மேலிருந்து எடுத்த அழகான படம் அடையாளம் காண உதவுவதே இல்லை. காம்பில் சிறு செதில்களாலான வளையம் ஒன்று இருக்கும். அது எங்கே இருக்கிறது என்பதே முக்கியமான வினா. கஸ்தூரி வேலில், அதாவது வச்செல்லியா ஃபார்னேசியானாவில், அவ்வளையம் காம்பின் உச்சியில் பந்தை ஒட்டி அதன் கீழே மறைந்திருக்கும். ஸ்வீட் தார்னில் அது பந்தை ஒட்டியிராமல் காம்பின் இடைப்பகுதியில் வெளிப்படையாகத் தெரியும். நெற்று இல்லாத நாளில் இவ்விரண்டையும் பிரிக்க இதைவிட எளிய வழி கிடையாது.

மணம் இனிமையானது, தேனீக்கள் அதை நாடி வரும், பண்ணையாளர்கள் அதற்காகவே மரத்தை விட்டுவைப்பதும் உண்டு. ஆனால் நறுமண நெற்று முள்மரத்தின் பூவும் மணக்கும். மஞ்சள் பட்டையுள்ள ஃபீவர் ட்ரீயின் பூவும் மணக்கும். வாசனைத் திரவியத்துக்காகவே வளர்க்கப்பட்ட கஸ்தூரி வேலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மணத்தைப் படமெடுக்கவும் முடியாது, மற்றவர் சரிபார்க்கவும் முடியாது. குறிப்பேட்டில் ஒரு சொல் எழுதிவிட்டு மேலே செல்லுங்கள்.

ஐந்து பெரிய இதழ்கள் கண்ணுக்குத் தெரிந்தால் நீங்கள் முற்றிலும் வேறொரு குழுவில் இருக்கிறீர்கள். பந்தாக இல்லாமல் நீண்ட கதிராக, பாதி இளஞ்சிவப்பும் பாதி மஞ்சளுமாகத் தொங்கினால் அது விடத்தேரை. பூ மஞ்சள் பந்தாக இருந்தும் மரத்தில் முள்ளே இல்லையென்றால் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரங்களில் ஒன்றாக இருக்கும்.

7. நெற்று: ஐயத்தைத் தீர்ப்பது

மற்ற எல்லாவற்றையும்விட நெற்றுக்கே இறுதி வாக்கு. ஸ்வீட் தார்னின் நெற்று ஒடுங்கியது, தட்டையானது, அரிவாள்போல் வளைந்தது. முற்றியதும் மரத்திலேயே வெடித்துப் பிளக்கும், விதைகள் மெல்லிய நூல்போன்ற காம்பில் சில காலம் தொங்கிக்கொண்டிருக்கும்.

நறுமண நெற்று முள்மரத்தின் காய் இதற்கு நேர்மாறானது. தடித்து, விதை இருக்கும் இடங்களில் புடைத்து, விளிம்பு அலையலையாக இருக்கும். வெடிக்காமல் முழுதாகக் கீழே விழும். உடைத்தால் இனிய பழ மணம் வரும். சூலு மொழியில் உம்ன்காவே எனப்படும் இம்மரம் தாவரவியல்படி வச்செல்லியா நிலோட்டிக்காவின் கிரவுசியானா என்னும் துணையினம். தமிழ்நாட்டின் கருவேலமும் அதே நிலோட்டிக்கா இனத்தைச் சேர்ந்ததே. மணிமாலைபோல் விதைக்கு விதை ஆழமாக இடுங்கிய கருவேல நெற்றைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்குள்ள நெற்று அவ்வளவு இடுங்காமல் இருப்பது தெரியும். ஆக, இங்கு கருவேலம் என்று அழைக்கத் தகுதியுள்ள மரம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது; அது ஸ்வீட் தார்ன் அன்று.

கஸ்தூரி வேலின் நெற்று குட்டையாக, உருண்டு தடித்து, கரும்பழுப்பாக, வெடிக்காமல் இருக்கும். சுருள்சுருளாக முறுகிய நெற்றும், நேர்முள்ளும் கொக்கிமுள்ளும் ஒரே கிளையில் கலந்து நிற்பதும் வச்செல்லியா டார்ட்டிலிஸைக் காட்டும். அதன் பூப்பந்தும் வெண்மையே.

கீழே கிடக்கும் நெற்றைப் பொறுக்கி இந்த மரத்தினுடையது என்று எழுதாதீர்கள். இரண்டு மூன்று முள்மரங்கள் கலந்து நிற்கும் இடத்தில் மழைநீரும் மாடுகளும் நெற்றுகளை இடம் மாற்றிவிடும். கிளையில் ஒட்டியிருக்கும் ஒரு நெற்றாவது படத்தில் இருக்க வேண்டும்.

கிளைகளிலும் காய்களிலும் உருக்குலைந்த, பழுப்பு நிறத் தூள் படிந்த முடிச்சுகளைக் கண்டால் அவை காய் அல்ல. ரவனேலியா மக்கோவானியானா என்னும் துருப் பூஞ்சை ஸ்வீட் தார்னில் இத்தகைய கட்டிகளை உண்டாக்கும். புதியவர்கள் இதை வேறொரு மரத்தின் கனி என்று கருதிப் பக்கம் பக்கமாகத் தேடுகிறார்கள்.

8. கடற்கரை மரங்களைத் தனியே வையுங்கள்

இந்தப் படியைப் பெரும்பாலான சிறு கையேடுகள் தவிர்த்துவிடுகின்றன. டர்பனில் வாழும் நமக்கோ இது தவிர்க்க முடியாதது. முன்பு வச்செல்லியா கர்ரூ என்ற ஒரே பெயருக்குள் அடங்கியிருந்த மரங்களில் சிலவற்றை இப்போது தனி இனங்களாகப் பிரித்துள்ளனர். குவாசூலு-நாட்டாலில் காணப்படும், வெளிறிய பட்டையும் கூடுதலான சிறகு இணைகளும் கொண்ட வடிவம் வச்செல்லியா நடாலிட்டியா என்றும், ரிச்சர்ட்ஸ் பேக்கு வடக்கே கடற்கரை மணல்மேடுகளில் ஒல்லியாக உயர்ந்து வளரும் வடிவம் வச்செல்லியா கோசியென்சிஸ் என்றும் பெயர் பெற்றுள்ளன.

எனவே உம்கேனிப் பள்ளத்தாக்கிலோ சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், டோங்காட் பகுதிகளிலோ வெளிறிய பட்டையுள்ள மரத்தைக் கண்டால், நெற்று அரிவாள்போல் இருந்தாலும், கர்ரூ என்று அறுதியிட்டு எழுதாமல் கர்ரூ குழு என்று எழுதுங்கள். பட்டையின் படத்தையும் சிறகு இணைகளின் எண்ணிக்கையையும் கட்டாயம் சேருங்கள். துல்லியமாகத் தோன்றும் தவறான பெயரைவிட, அகன்றிருந்தாலும் சரியான பெயரே பதிவுக்கு நல்லது என்பது என் கருத்து. ஐயத்துக்கு இடமில்லாத கர்ரூவைப் பார்த்துப் பழக வேண்டுமானால் லேடிஸ்மித், எஸ்ட்கோர்ட், வீனென் பகுதிகளின் உள்நாட்டு முள்வெளிகளுக்குச் செல்லுங்கள்.

9. இதன் பரவலைத் தெரிந்துகொண்டு சரிபார்த்தல்

மேற்கு கேப் மாகாணத்தில் தொடங்கி, கிழக்கு கேப், ஃப்ரீ ஸ்டேட், குவாசூலு-நாட்டால் வழியாக வடக்கே சென்று, நமீபியா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளைக் கடந்து அங்கோலா, ஜாம்பியா வரை ஸ்வீட் தார்ன் பரவியிருக்கிறது. பனியையும் வறட்சியையும் தாங்கும். தீயில் கருகினாலும் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். வறண்ட உள்நாட்டில் ஆற்றங்கரைகளையும் ஓடைப் படுகைகளையும் ஒட்டியே வரிசையாக நிற்கும், ஏனெனில் அங்கேதான் அதன் ஆழ்ந்த வேருக்கு நிலத்தடி நீர் எட்டும். மழை மிகுந்த கிழக்கில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அளவுக்கு மீறி மேய்க்கப்பட்ட புல்வெளிகளில் அடர்ந்து பெருகிப் புல்லையே ஒடுக்கிவிடும்.

பரவலை அறிந்திருப்பது வெறும் தகவலுக்காக அன்று. உங்கள் அடையாளத்தைச் சோதிக்கும் கருவி அது. எடுத்துக்காட்டாக, கேமல் தார்ன் எனப்படும் வச்செல்லியா எரியோலோபாவுக்கும் மஞ்சள் பந்துப் பூவும் இணை முள்ளும் உண்டு. ஆனால் அது கலஹாரி மணலை ஒட்டிய வறண்ட வடக்கு, மேற்குப் பகுதிகளின் மரம். கடற்கரையில் ஒருவர் அந்தப் பெயரைச் சொன்னால், நெற்று காதுமடல்போல் தடித்துச் சாம்பல் நிறத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். மறுபுறம், ஃபீவர் ட்ரீ இயற்கையில் வடக்கு குவாசூலு-நாட்டாலின் தாழ்ந்த ஈரநிலங்களுக்கு உரியதாயினும், இப்போது நகரத் தோட்டங்களிலும் வணிக வளாகங்களிலும் நடப்படுகிறது. ஆகவே, இங்கே வளராது என்று சொல்வதற்கு முன் யாரும் நட்டார்களா என்று பார்க்க வேண்டும்.

கஸ்தூரி வேலின் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. அங்கிருந்து மனிதர் வழியாக இந்தியா, இலங்கை, மொரீஷியஸ், ரியூனியன் உட்பட வெப்ப நாடுகள் பலவற்றுக்கும் சென்றுவிட்டது. அதன் பரவல் வரைபடத்தையும் ஸ்வீட் தார்னின் வரைபடத்தையும் ஒரே மாதிரிப் படிக்க முடியாது. ஒன்று பெரிதும் மனிதர் கொண்டுசென்றது, மற்றது பெரும்பாலும் தானே நின்றது.

10. இடத்தைப் பதிவு செய்தல்

ஒவ்வொரு மரத்துக்கும் நாள், அகலக்கோடு, நெடுங்கோடு, கடல் மட்டத்திலிருந்து உயரம், அருகிலுள்ள ஊர் அல்லது ஆறு, நிலத்தின் தன்மை, தானே வளர்ந்ததா நடப்பட்டதா ஆகியவை வேண்டும். இறுதியாகச் சொன்னதே பெரும்பாலும் விடுபடுகிறது. கோயில் வளாகத்திலோ பள்ளி வேலியோரமோ நிற்கும் மரத்தை இயற்கைப் பரவலில் சேர்த்துவிட்டால், பின்னர் வரைபடத்தைப் பார்ப்பவருக்கு அந்தப் புள்ளியைப் பிரித்தறிய வழியே இருக்காது. உயிரினங்களின் படங்களையும் இடங்களையும் பதிவேற்றும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் வளர்க்கப்பட்டது என்று குறிக்கும் வசதி உள்ளது, அதைப் பயன்படுத்துங்கள்.

தெற்கு அகலக்கோட்டை எண்ணாக மட்டும் எழுதும்போது முன்னால் கழித்தல் குறி இட வேண்டும். அதை விட்டுவிட்டால் டர்பனின் மரம் எகிப்தில், கெய்ரோவுக்குத் தென்மேற்கே முளைத்துவிடும். சிரிப்புக்காகச் சொல்லவில்லை, இத்தகைய பதிவுகளைத் தரவுத்தளங்களில் காணலாம்.

இந்நாட்டின் தாவரப் பதிவுகளில் கால்பாகைக் கட்டக் குறியீடு வழக்கில் உள்ளது. அதைக் கணக்கிடக் கற்றுக்கொள்வது நல்லது. ஒரு பாகைச் சதுரத்துக்கு அதன் அகலக்கோடும் நெடுங்கோடும் சேர்ந்த நான்கு இலக்க எண் பெயராகும். அச்சதுரத்தை நான்காகப் பிரித்து வடமேற்கை ஏ, வடகிழக்கை பி, தென்மேற்கை சி, தென்கிழக்கை டி என்பர். அந்தக் கால்பகுதியை மீண்டும் அதே முறையில் நான்காகப் பிரித்து இரண்டாம் எழுத்தைச் சேர்ப்பர்.

டர்பன் தெற்கு 29.85, கிழக்கு 31.02. பாகைச் சதுரம் 2931. தெற்கில் 0.85 என்பது கீழ்ப்பாதி, கிழக்கில் 0.02 என்பது மேற்குப்பாதி. ஆகவே முதல் எழுத்து சி. அந்தக் கால்பகுதிக்குள்ளும் அது தென்மேற்கிலேயே இருப்பதால் இரண்டாம் எழுத்தும் சி. குறியீடு 2931சிசி. பீட்டர்மாரிட்ஸ்பர்க் தெற்கு 29.60, கிழக்கு 30.38 என்று கொண்டால் குறியீடு 2930சிபி. முதல் எழுத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, இரண்டாவதற்கும் முழுச் சதுரத்தையே வைத்துக் கணக்கிடுவது வழக்கமான பிழை; இரண்டாம் எழுத்துக்கு முதல் எழுத்தின் கால்பகுதியை மட்டுமே பார்க்க வேண்டும்.

இங்கு ஒரு கட்டம் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் அகலமும் 28 கிலோமீட்டர் உயரமும் உள்ளது. ஆகவே ஒரே தெருவில் பத்து மரங்களைப் பதிவு செய்வதைவிட, வெற்றாக இருக்கும் அடுத்த கட்டத்தில் ஒன்றைத் தேடிச் செல்வது பரவலை அறிய அதிகம் உதவும்.

11. மாதிரி எடுத்தல், தேவைப்பட்டால் மட்டும்

படத்தால் தீராத ஐயம் இருந்தால் மட்டும், அனுமதியுடன், ஒரு முழங்கை நீளக் கிளையை வெட்டுங்கள். அதில் முள், முதிர்ந்த இலை, பூ அல்லது நெற்று ஆகியவை சேர்ந்திருக்க வேண்டும். வெட்டிய இடத்திலேயே செய்தித்தாளுக்குள் விரித்து அழுத்திவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுசென்று பார்க்கலாம் என்று பையில் போட்டால் இலைகள் மூடிச் சுருண்டுவிடும், காயக் காயச் சிற்றிலைகளும் உதிரும். உதிர்ந்தவற்றை எறியாமல் சிறு காகித உறையில் இட்டு அதே தாளில் வையுங்கள்.

முள் தாளைக் கிழிக்கும். அடிப்பக்கம் திரும்பும் சில முட்களை மட்டும் வெட்டிவிட்டு, மேற்பக்கத்து இணைகளை முழுதாக விடுங்கள். எல்லாவற்றையும் வெட்டினால் மாதிரியின் பயனே போய்விடும். கடற்கரைக் கோடையின் ஈரக்காற்றில் பூஞ்சணம் விரைவில் பிடிக்கும் என்பதால் முதல் வாரம் தினமும் தாளை மாற்ற வேண்டும். காய்ந்தபின் மஞ்சள் நிறம் பழுப்பாகிவிடும். எனவே பூவின் நிறமும் மணமும், மரத்தின் உயரமும், பட்டையின் தன்மையும் மாதிரியுடன் வைக்கும் சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். டர்பன் தாவரவியல் பூங்காவை ஒட்டியுள்ள குவாசூலு-நாட்டால் உலர்தாவரகத்தில் மாதிரிகளை ஒப்பிட விரும்புவோர் முன்கூட்டியே தொடர்புகொண்டு செல்வது நல்லது.

12. பதிவை முடிக்காமல் திறந்து வைத்தல்

பூ மட்டும் பார்த்துப் பதிவு செய்த மரத்தை, நெற்று முற்றும் காலத்தில், பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையே மீண்டும் ஒருமுறை சென்று பாருங்கள். அதற்காகவே முதல் முறை மரத்தின் இடத்தைத் துல்லியமாகக் குறிக்கிறோம். நெற்று வேறு கதை சொன்னால் பழைய பெயரை அழித்துவிடாமல், அதன்மேல் ஒரு கோடிட்டு, புதிய பெயரையும் நாளையும் மாற்றியதற்கான காரணத்தையும் அருகில் எழுதுங்கள். இணையப் பதிவாக இருந்தால் புதிய பதிவு தொடங்காமல் பழையதிலேயே நெற்றின் படத்தையும் அது எடுக்கப்பட்ட நாளையும் சேருங்கள். இரண்டாகப் பதிந்தால் ஒரே மரம் வரைபடத்தில் இரண்டு மரங்களாகிவிடும்.